கோமளா பேரில் ஒரு கார்டு

ஜனவரி 3, புதன்

நூல் கம்பெனிக்காரர்கள் கொடுத்த டைரி. சூப்பர்வைசர் ஆளுக்கொன்று நீட்டினார். "முதல் பக்கத்துல பேரை எழுதி வெச்சுக்கங்கம்மா, அப்புறம் என்றது உன்றதுன்னு சண்டை வேண்டாம்" என்றார். பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார். அதனால் 'கோமளா' என்று எழுத வேண்டியதாகிவிட்டது.

என் பெயர் துளசிமணி. கோமளா என் தங்கை. ஆறு வருஷத்துக்கு முன்னால் இந்தப் பனியன் கம்பெனிக்கு ஆள் எடுத்தபோது நாற்பதுக்கு மேல் வேண்டாம் என்றார்கள். எனக்கு நாற்பத்தொன்று. கூட்டிவந்த ஏஜெண்ட் காதோரமாகச் சொன்னான்: "தங்கச்சி இருக்குதுங்ளா? அவிய ஆதாரைக் கொண்டாங்க. மூஞ்சி ஒரே அச்சு, யாரு உத்துப் பாக்கறாங்க." யாரும் பார்க்கவில்லை. அன்று முதல் கம்பெனியில் நான் கோமளா. எட்டு வயது குறைவு. கணவர் பெயர் திருமூர்த்தி. என்னைக் கட்டியவன் பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் கேரளாவுக்குப் போனவன் போனவன்தான். ரெக்கார்டிலாவது ஒரு புருஷன் இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன், தங்கச்சியுடையவனாக இருந்தாலும்.

இலவச வைத்தியத்துக்கான ஈ.எஸ்.ஐ. கார்டும் அவள் பேரில்தான். சம்பளத்தில் மாசாமாசம் பிடிக்கிறார்கள். நிற்பது என் கால், சேருவது அவள் பேரில். எனக்குச் செத்துப்போன அப்பத்தாவின் பெயரை வைத்தார்கள். அவளுக்கு மட்டும் அப்பா நாலு நாள் யோசித்து வைத்தார். அப்போதே ஆரம்பித்துவிட்டது.

ஜனவரி 16, செவ்வாய்

மாட்டுப் பொங்கல். கோமளாவும் திருமூர்த்தியும் வந்திருந்தார்கள். மாம்பழக் கலரில் பட்டு. "அவிய எடுத்துக் குடுத்தாங்கக்கா" என்று நாலு தடவை சொன்னாள். முதல் தடவையே எனக்குக் காது கேட்டது. அவர் கரும்பைக் கணுக் கணுவாகச் சீவி, சிம்பு குத்தாமல் இவள் கையில் கொடுக்கிறார். வாடகை டெம்போ ஓட்டுகிறவருக்கு இவ்வளவு பொறுமை எங்கிருந்து வருகிறதோ. நான் என் கரும்பை என் பல்லாலேயே கடித்துத் தின்றேன்.

காலையில் குளிக்கும்போது இடது மார்பில் விரலுக்கு ஒன்று தட்டுப்பட்டது. புளியங்கொட்டை அளவு. செக்கிங் டேபிளில் நாளெல்லாம் பனியன் தையலோரமாக விரலை ஓட்டி முடிச்சும் ஓட்டையும் தேடுகிற கை. வீட்டிலும் சும்மா இருக்காது.

வடை நன்றாக வந்தது.

பிப்ரவரி 9, வெள்ளி

ஷிப்மெண்ட். இந்த வாரம் முழுக்க ஒன்றரை ஷிப்ட்.

பிப்ரவரி 25, ஞாயிறு

துணி துவைத்தேன். ரேஷன் வாங்கினேன். ஈரோட்டிலிருந்து மகள் சௌந்தர்யா போன் செய்தாள். பெருந்துறைப் பையன் வீட்டார் ஜாதகம் சேருகிறது என்று சொல்லிவிட்டார்களாம். குரலிலேயே சிரிப்பு.

அது அப்படியேதான் இருக்கிறது. வலியில்லை. வலிக்காததற்கு எதற்கு ஆஸ்பத்திரி? பெரியாஸ்பத்திரியில் ஞாயிற்றுக்கிழமை ஓ.பி.யும் கிடையாது.

மார்ச் 12, செவ்வாய்

கோமளாவுக்கு மார்பில் கட்டியாம். வலது பக்கம்.

வெள்ளிக்கிழமை திருமூர்த்தி கண்டுபிடித்தாராம். சனிக்கிழமை டாக்டர், திங்கட்கிழமை ஊசி போட்டு எடுத்துப் பார்த்தாயிற்று, இன்று ரிசல்ட். அந்த வியாதிதான். நாலே நாள். அவள் போனில் ஏங்கி ஏங்கி அழுதாள். நானும் அழுதேன்.

ஆனால் ஒன்றை மறைக்காமல் எழுதுகிறேன், இதை யார் படிக்கப்போகிறார்கள். அழுதுகொண்டிருக்கும்போதே, அவளுக்குக் கண்டுபிடித்துச் சொல்ல ஒரு ஆள் இருக்கிறது என்று வயிறு எரிந்தது.

மார்ச் 14, வியாழன்

திருமூர்த்தி வந்தார். வண்டியை நிறுத்திவிட்டு வெகு நேரம் வாசலிலேயே நின்றார். உள்ளே கூப்பிட்டேன்.

"கேக்கறதுக்கு நாக்கு வரலீங்க்கா. பிரைவேட்ல சொல்ற செலவுக்கு என்ற டெம்போவே சொந்தமா இருந்தாலும் பத்தாது. பெரியாஸ்பத்திரி வரிசையில நின்னாலும், கவர்மெண்ட்டு காப்பீட்டுக் கார்டுக்கு அலைஞ்சாலும் நாளாயிருமுங்க. டாக்டரு ஒரு வாரம்கூடத் தள்ளக்கூடாதுங்கறாரு. உங்க கார்டு..."

"என்ற கார்டு இல்லீங்களே, அவ பேருதான போட்டிருக்குது" என்றேன். சிரித்துக்கொண்டுதான் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

எடுத்துக் கொடுத்தேன். அவர் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். ஆறு வருஷமாக நான் ஒரு காய்ச்சலுக்குக்கூட அதை நீட்டியதில்லை, எங்கே மாட்டிக்கொள்வோமோ என்று பயந்து மெடிக்கலில் மாத்திரை வாங்கி விழுங்கியவள். அவள் முதல் தடவையே முழுசாக நீட்டப்போகிறாள். மடியில் கனமில்லை. பேர் அவளுடையதுதானே.

மார்ச் 17, ஞாயிறு

கோமளாவுக்குப் பாடம் நடத்தினேன். யாராவது கேட்டால் சொல்லத் தெரிய வேண்டுமே.

"எந்த டிப்பார்ட்மெண்ட்டு?"

"செக்கிங்கு."

"சூப்பர்வைசர் பேரு?"

"மறந்து போச்சுக்கா."

"நாளெல்லாம் உக்காந்துட்டு வேலையா, நின்னுட்டா?"

"உக்காந்துட்டு."

"உக்காந்துட்டாமா! பன்னெண்டு மணி நேரம் நின்னுட்டு அம்மிணி, நின்னுட்டு!"

அவள் என் காலைப் பார்த்தாள். நரம்பு சுருண்டு புடைத்திருக்கிறது. நான் சேலையை இழுத்துவிட்டேன். அவள் கால் இன்னும் கல்யாணப் பெண் கால் மாதிரியே இருக்கிறது.

ஏப்ரல் 5, வெள்ளி

ஆபரேஷன் முடிந்தது. கூட இருப்பவருக்குக் கொடுத்த பாஸிலும் 'கோமளா' என்றே போட்டிருக்கிறது. எனக்குப் பழகிய பேர்தான்.

அவள் ஆஸ்பத்திரியில் படுத்திருக்கும்போது கோமளா கம்பெனியில் நிற்க முடியாதல்லவா? அதனால் மெடிக்கல் லீவு. அவள் படுத்திருக்கிறாள், எனக்குச் சம்பளம் இல்லை. லீவுக்கு வருகிற பணமும் அவள் பேங்கில்தான் போய் விழும். அது வந்ததும் திருமூர்த்தி ஒரு ரூபாய் குறையாமல் கொண்டுவந்து தருவதாகச் சொல்லியிருக்கிறார். தராமல் இருந்தாலாவது நாலு வார்த்தை திட்டலாம். அதற்கும் வழியில்லை.

டாக்டரம்மா என்னைக் கூப்பிட்டு, "நீங்க கூடப் பிறந்தவங்களா? நீங்களும் ஒரு தடவை பாத்துக்கங்க. ஒரே குடும்பத்துல வரலாம்" என்றார்.

"பாத்துட்டேனுங்க. ஒண்ணும் இல்லைன்னுட்டாங்க" என்றேன். எவ்வளவு சுளுவாக வருகிறது பொய். ஆறு வருஷப் பழக்கம்.

ஏப்ரல் 21, ஞாயிறு

பெருந்துறைக்காரர்களிடம் கோமளாவுக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன் என்று சொல்லி வைத்திருக்கிறோம். "பரம்பரை வியாதியா இருந்தா நாங்க யோசிக்கோணும்" என்று மாப்பிள்ளையின் அத்தை வேறு எதற்கோ சொன்னாளாம். சித்திக்கு வந்ததை மறைத்துவிடலாம். அம்மாவுக்கும் என்றால் ஊர் சும்மா இருக்குமா?

கார்த்திகையில் கல்யாணம் வைக்கலாம் என்கிறார்கள். அதற்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

ஏப்ரல் 30, செவ்வாய்

நேற்று கோமளாவுக்கு முதல் கீமோ ஊசி. மூன்று வாரத்துக்கு ஒன்று, மொத்தம் ஆறு. திருமூர்த்தி ஈ.எஸ்.ஐ. ஆபீசில் விசாரித்துவிட்டு வந்து சொன்னார்: "ஊசி முடியற வரைக்கும் கார்டு ஓடோணுமாமுங்க்கா. நீங்க வேலையை மட்டும் நிறுத்திப் போடாதீங்க."

ஆகஸ்ட் பன்னிரண்டோடு ஆறும் முடிகிறது. காலண்டரில் வட்டம் போட்டு வைத்தேன்.

மே 2, வியாழன்

ஒரு மாசம் கழித்துக் கம்பெனிக்குப் போனேன். கேட் தாண்டியதும் ஒரே அமைதி. லீவுச் சீட்டில் வியாதியின் பெயர் எழுதியிருக்கிறதே, ஆபீசிலிருந்து பரவிவிட்டது. பக்கத்து டேபிள் ஜெசிந்தா ஓடிவந்து கட்டிக்கொண்டு அழுதாள். "கோமளாக்கா, சொல்லவே இல்லையே" என்றாள். ஒருத்தி ஹார்லிக்ஸ் பாட்டில் கொடுத்தாள். ஒருத்தி மடியில் ஆரஞ்சுப் பழங்களைக் கொட்டினாள். சூப்பர்வைசர் ஒரு ஸ்டூலைக் கொண்டுவந்து போட்டு, "நீங்க உக்காந்தே பாருங்கம்மா" என்றார்.

ஆறு வருஷத்தில் முதல் தடவையாக உட்கார்ந்து வேலை பார்த்தேன்.

பொய்தான். இவர்கள் அழுவது கோமளாவுக்காக. ஆனாலும் இனித்தது. கொஞ்ச நேரம் எனக்கு யார் மேலும் பொறாமை இல்லை. பிறகு, இதுகூட அவளுக்கு வந்த வியாதியின் பேரில்தான் கிடைக்கிறது என்று தோன்றியது. அவ்வளவுதான், ஆரஞ்சு புளித்துவிட்டது.

ஜெசிந்தா மெதுவாகக் கேட்டாள்: "எந்தப் பக்கம்க்கா?"

"இடது" என்றேன்.

வலது என்றல்லவா சொல்லியிருக்க வேண்டும். வாய் தவறிவிட்டது.

மே 19, ஞாயிறு

பழனிக்குப் போய் மொட்டை போட்டுக்கொண்டு வந்தேன். ஊசி போட்டால் முடி கொட்டும் என்று எல்லாருக்கும் தெரியும். எனக்குக் கொட்டவில்லையே என்று எவளாவது கேட்டுவிட்டால்? அதற்குத்தான். வேறு ஒன்றும் இல்லை.

அடிவாரத்தில் "யாருக்கு வேண்டுதல்?" என்று முடி எடுக்கிறவர் கேட்டார். "தங்கச்சிக்கு" என்றேன். ஏதாவது சொல்ல வேண்டுமே.

கோமளா என் தலையைப் பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். அவளுக்கும் முழுக்கக் கொட்டிவிட்டது. இரண்டு பேரும் கண்ணாடி முன் நின்றோம். அவள் தலை உருண்டையாக அழகாக இருக்கிறது. என் தலை பின்னால் சப்பை. மொட்டையிலும் அவள்தான் ஜெயித்தாள்.

ஜூன் 11, செவ்வாய்

நேற்று மூன்றாவது ஊசி. திருமூர்த்தி அவள் வாந்தியைத் தன் கையிலேயே ஏந்தினார். நான் பார்க்காத மாதிரி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

எலுமிச்சை அளவு ஆகிவிட்டது. எதை என்று எழுதவில்லை, எனக்குத் தெரியும்.

ஜூன் 23, ஞாயிறு

இடது கையைத் தலைக்கு மேல் தூக்க முடியவில்லை. மேல் அலமாரியிலிருந்த புளிப்பானையைக் கீழே இறக்கி வைத்தேன், இனி எக்கி எடுக்க வேண்டாம்.

ஜூலை 2, செவ்வாய்

நாலாவது ஊசி ஆயிற்று. இன்னும் இரண்டு.

ஜூலை 8, திங்கள்

ஜாக்கெட்டில் ஈரம். பழைய பனியன் துணியை மடித்து உள்ளே வைத்துக்கொண்டேன். கம்பெனியில் வெட்டுத் துணிக்குப் பஞ்சமா.

ஜூலை 14, ஞாயிறு

தூங்குவதற்குள் எழுதிவிடுகிறேன்.

கோமளா வந்திருந்தாள். உடம்பு தேவலை என்று எனக்குக் கீரை கடைந்துகொண்டிருந்தாள். சொல்லாமல் கொள்ளாமல் ஜெசிந்தா மாதுளம்பழத்தோடு வந்துவிட்டாள். கதவைத் திறந்தால் இரண்டு மொட்டைத் தலை. அவள் மாறி மாறிப் பார்த்தாள்.

"இது என்ற தங்கச்சி. பழனிக்கு வேண்டுதல்" என்று சமாளித்தேன்.

ஜெசிந்தா கோமளாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "அக்காவைக் கொஞ்சம் சொல்லி டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க. ஆபரேஷன் பண்ண இடம் ஆறலைன்னு நினைக்கிறேன். இடது கையைத் தூக்கவே மாட்டேங்கறாங்க. போன வாரம் ஜாக்கெட் நனைஞ்சிருந்துச்சு, நான்தான் ஷாலைப் போட்டு மூடிவிட்டேன். கேட்டா டீ கொட்டிருச்சுங்கறாங்க."

கோமளா டீ போட்டுக் கொடுத்து, சிரித்துப் பேசி, ஜெசிந்தாவைத் தெருமுனை வரை கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தாள். கதவைத் தாழ்ப்பாள் போட்டாள்.

"ஜாக்கெட்டைக் கழட்டு."

"உனக்கென்ன பைத்தியமா?"

"கழட்டுக்கா."

கழட்டினேன். அவள் பார்த்தாள். அப்புறம், ஆபரேஷன் ஆன அன்றுகூடப் போடாத சத்தம் போட்டாள்.

"பாத்துட்டேன், ஒண்ணுமில்லைன்னியே! டாக்டரம்மா மூஞ்சிக்கு நேரா சொன்னியே! எப்ப இருந்துக்கா?"

"கொஞ்ச நாளாத்தான்."

"என்ற ஊசி நிக்கக்கூடாதுன்னு நீ அங்க போய் நின்னுட்டு இருந்தியா? கார்டு ஓடோணும்னு?"

"பெரிய இவளாட்டப் பேசாத. வேலை போயிரும்னுதான். உனக்காக நான் எதுக்குடி நிக்கோணும்? உனக்குத்தான் எல்லாம் இருக்குதே. கைல ஏந்தறக்கு ஆளு, கரும்பு சீவறக்கு ஆளு. எனக்கு என்ன இருக்குது? உன்னைக் கண்டா எனக்குப் பத்திட்டு வருது, தெரியுமா? சின்னதுல இருந்தே!"

சொல்லிவிட்டேன். நாற்பத்தேழு வயதில், மேலே துணிகூட இல்லாமல் நின்றுகொண்டு, எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

அவள் துண்டை எடுத்து என்னைப் போர்த்தினாள். "தெரியும்" என்றாள். "நீ பொறாமைப்பட்டாத்தான் எனக்கு ஏதோ நல்லது நடந்திருக்குதுன்னே எனக்குத் தோணும். நாளன்னிக்குக் காலையில முத பஸ்ஸு. நீ வராட்டி நானே கம்பெனிக்குப் போய் நான்தான் கோமளான்னு சொல்லிப்போடுவேன்."

"கார்டு போயிரும்டி. இன்னும் ரெண்டு ஊசி இருக்குது."

"போனா மயிரே போச்சு" என்றாள். பிறகு தன் தலையைத் தடவிப் பார்த்தாள், என் தலையைப் பார்த்தாள். இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்பு எப்போது அழுகையானது என்று தெரியவில்லை.

கீரை அடிப்பிடித்துவிட்டது.

ஜூலை 16, செவ்வாய்

கோயமுத்தூர் பெரியாஸ்பத்திரி. முதல் பஸ்ஸில் போயும் எங்களுக்கு முன்னால் பெரிய வரிசை. திருமூர்த்தி வரிசையில் நின்றார், எங்கள் இருவரையும் பெஞ்சில் உட்காரச் சொன்னார். சீட்டு எழுதும்போது என்னைக் கூப்பிட்டு வயது கேட்டார்கள். "முப்பத்தொம்பது" என்றேன். பின்னாலிருந்து கோமளா, "நாப்பத்தேழுங்க" என்றாள். எழுதுகிறவர் இரண்டு மொட்டைகளையும் பார்த்துவிட்டு, "யாரும்மா பேஷண்டு?" என்றார்.

சின்ன வயது டாக்டர். அமுக்கிப் பார்த்தார், கை இடுக்கிலும் பார்த்தார். "எப்ப இருந்து இருக்கு?" என்றார். ஒரு மாசம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். கோமளா என் கையைப் பிடித்திருந்தாள்.

"ஜனவரி பதினாறு. மாட்டுப் பொங்கலன்னிக்குக் காலையில" என்றேன்.

கோமளாவின் பிடி தளர்ந்தது. அவளுக்குத் தெரிந்தது மார்ச்சில். எனக்கு அவளுக்கு முன்பே. அன்று அவள் மாம்பழக் கலர் பட்டில் உட்கார்ந்து கரும்பு தின்றாள், நான் வடை சுட்டேன். அதை அவள் நினைத்துப் பார்த்திருப்பாள்.

டாக்டர் திட்டவில்லை. "அப்பவே வந்திருந்தா சின்ன ஆபரேஷனோட முடிஞ்சிருக்கும்மா. இப்ப இடுக்குக்கும் போயிருக்கிற மாதிரி இருக்கு. டெஸ்ட் எல்லாம் எடுத்துட்டு, முதல்ல ஊசி, அப்புறம் ஆபரேஷன்" என்றார். "சரியாயிருமுங்களா?" என்று கோமளாதான் கேட்டாள். "வைத்தியத்தைப் பாதியில விடாம வரணும். பார்ப்போம்" என்றார். கோமளாவுக்கு அவளுடைய டாக்டரம்மா, "சரியாயிரும்" என்று சொல்லியிருந்தார். எனக்குப் "பார்ப்போம்."

திரும்பும்போது பஸ்ஸில் ஜன்னலோரத்தை எனக்கு விட்டாள். சின்ன வயதிலிருந்து அதற்கு அடித்துக்கொள்வோம், எப்போதும் அவளுக்குத்தான் கிடைக்கும். நான் வேண்டாம் என்றேன். பிடித்துத் தள்ளி உட்காரவைத்தாள். சௌந்தர்யாவுக்கு அவளே போன் போட்டு எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். பெருந்துறைக்காரர்களிடம் தானே பேசிக்கொள்வதாகவும், அவர்களுக்கு வேண்டாம் என்றால் தனக்கும் வேண்டாம் என்றும் சௌந்தர்யா சொன்னாளாம். அந்தத் திமிர் யாரிடமிருந்து வந்ததோ. கார்டை என்ன செய்வது என்று திருமூர்த்தி வழியெல்லாம் யோசித்துக்கொண்டே வந்தார். மீதி இரண்டு ஊசியையும் இங்கேயே போட முடியுமா என்று விசாரித்திருக்கிறார். முடியும் போலிருக்கிறது. நாளையிலிருந்து நான் கம்பெனிக்குப் போகப்போவதில்லை.

ஒன்றை எழுதாமல் விட்டுவிட்டேன். எழுத வெட்கமாக இருக்கிறது.

டாக்டர் அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். கால் வைக்க இடமில்லாத கூட்டம். கதவைத் திறந்து நர்ஸ் எட்டிப் பார்த்து ஒரு பெயரைக் கூப்பிட்டார். யாரும் எழுந்திருக்கவில்லை. மறுபடியும் கூப்பிட்டார். யாரோ ஒருத்தி, நேரத்தில் வந்து சீட்டு வாங்கியிருக்கிறாள், அவளுடைய முறையும் வந்தாயிற்று, கதவையும் திறந்து வைத்துக்கொண்டு நிற்கிறார்கள், எழுந்து போகாமல் எங்கே பராக்குப் பார்க்கிறாளோ என்று எனக்கு ஒரே எரிச்சல். கொடுத்துவைத்தவள் என்று நினைத்தேன். நல்ல பெயராகவும் இருந்தது. எங்கேயோ கேட்ட பெயர்.

மூன்றாவது தடவை நர்ஸ் சத்தம் போட்டுக் கூப்பிட்டார்: "துளசிமணி! துளசிமணி யாரும்மா?"

கோமளா முழங்கையால் என்னை இடித்தாள்.

"அக்கா, எந்திரி. உன்னத்தான்."